நிலத்திட்டமே நீர்த்திட்டம்

சென்னையைச் சுற்றியுள்ள தாழ்வான பகுதிகளில் மனைப்பிரிவு போடவோ அடுக்குமாடி கட்டவோ விண்ணப்பிப்பவர் பல நேரங்களில் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றையும் வாங்க வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் அந்த இடம் மூழ்குமா, பக்கத்தில் ஓடும் வாய்க்காலுக்கு இடைஞ்சல் வருமா என்று பொறியாளர்கள் பார்க்கிறார்கள். மூழ்கும் என்று தெரிந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடியாக வேண்டியதில்லை. மண் கொட்டி, குறிப்பிட்ட மட்டத்துக்கு மனையை மேடாக்கிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சான்று கிடைத்துவிடுகிறது. அந்த மனைக்கு அது சரியான தீர்வுதான். ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் நிலம், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர், ஒரு மீட்டர் உயர்த்தப்பட்டால் 10,000 கன மீட்டர் இடம் மண்ணால் நிரம்புகிறது. முன்பு அங்கே தேங்கிய ஒரு கோடி லிட்டர் நீர் எங்காவது போயாக வேண்டும். அது பக்கத்துத் தெருவுக்குப் போகிறது. அடுத்த ஆண்டு பக்கத்துத் தெருக்காரரும் மேடாக்குகிறார். நீர் அதற்கடுத்த ஊருக்கு நகர்கிறது. ஒவ்வொரு கோப்பையும் தனியே எடுத்துப் பார்த்தால் யாரும் விதியை மீறவில்லை. எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகப் பார்க்கும் மேசைதான் எங்கும் இல்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது அந்த இல்லாத மேசையைப் பற்றித்தான். ஒரு வட்டாரத்தில் எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே வயல், எங்கே வெற்றுநிலம் என்று தீர்மானிக்கும் நிலப்பயன்பாட்டு வரைபடமே அந்த வட்டாரத்தின் முதல் நீர்த்திட்டம். அணை, குழாய், மழைநீர் வடிகால், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எல்லாம் அந்த வரைபடம் எடுத்துவிட்ட முடிவுகளுக்குப் பின்னால் ஓடி வருபவை. ஆகவே நீர்க்கணக்கு முதலில் வர வேண்டும். வரைபடத்தில் நிலத்துக்கான வண்ணம் அதன் பிறகு. நம் நடைமுறை இதைத் தலைகீழாகச் செய்கிறது. அதற்கான விலையைச் சென்னை ஒரு முறை வெள்ளமாகவும் ஒரு முறை வறட்சியாகவும் கொடுத்திருக்கிறது.

முதலில் இயற்கை செய்யும் வேலையைப் பார்ப்போம். நிலத்தில் விழும் மழை மூன்றாகப் பிரிகிறது. ஒரு பங்கு ஆவியாகவும் செடிகொடிகள் வழியாகவும் காற்றுக்குத் திரும்புகிறது. ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. மிச்சம் மேற்பரப்பில் ஓடுகிறது. இந்தப் பங்கீட்டைத் தீர்மானிப்பதில் மேகத்துக்கு இருக்கும் பங்கு அளவுக்கு நிலத்துக்கும் உண்டு. வடிகால் வடிவமைக்கும் பொறியாளர்கள் வழிந்தோடும் விகிதம் என்ற எண்ணை வைத்துக் கணக்கிடுவார்கள். புல்லும் மரமும் மூடிய மணற்பாங்கான நிலத்தில் அது பத்தில் ஒன்று அல்லது இரண்டு; தாரும் சிமெண்டும் மூடிய நிலத்தில் பத்தில் எட்டு, ஒன்பது. ஓடும் அளவு மட்டுமா மாறுகிறது? நேரமும் மாறுகிறது. வயல் வரப்பிலும் புதரிலும் தடுக்கித் தடுக்கி நாள்கணக்கில் வந்து சேர்ந்த நீர், சாலையிலும் கான்கிரீட் வடிகாலிலும் வழுக்கிக்கொண்டு சில மணி நேரத்தில் ஒரே இடத்தில் குவிகிறது. ஆற்றின் உச்சப் பாய்ச்சல் அதனால் பல மடங்கு உயர்கிறது. மண்ணுக்குள் இறங்க வேண்டிய நீர் இறங்காததால், கோடையில் ஓடைக்கும் கிணற்றுக்கும் கசிந்து வரும் ஊற்று நின்றுபோகிறது. நீர்பிடிப்புப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு கடினமாக மூடப்பட்டாலே ஓடையின் கரையும் உயிரினமும் சிதையத் தொடங்குவதை நகர ஓடைகளை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். வெள்ளத்தையும் வறட்சியையும் இரண்டு தனித்தனிப் பேரிடர்களாக நாம் எண்ணிக்கொண்டாலும், நிலம் மூடப்படுவது என்ற ஒரே காரணம் இரண்டையும் வளர்க்கிறது.

சென்னையின் எண்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஆண்டுக்கு இங்கே சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில். பழைய பெருநகர எல்லையான 1,189 சதுர கிலோமீட்டரில் மட்டும் விழும் மழையைக் கூட்டினால் ஏறத்தாழ 59 டி.எம்.சி. வருகிறது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 11.25 டி.எம்.சி.தான். நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் என்ற கணக்கில் ஆண்டு முழுவதும் குழாயில் கொடுக்கத் தேவைப்படுவது 13 டி.எம்.சி. அளவு. விழும் மழையில் பெரும் பங்கு ஆவியாகிவிடும் என்பதைக் கழித்தாலும், இந்த ஊருக்கு வானம் வஞ்சனை செய்யவில்லை. மூன்று மாதத்தில் கொட்டுவதைப் பன்னிரண்டு மாதத்துக்கு நிறுத்தி வைக்க இடம் வேண்டும், அவ்வளவே. சமவெளியான கடற்கரை நிலத்தில் அந்த இடம் ஆழமாகக் கிடைக்காது, பரப்பாகத்தான் கிடைக்கும். பரப்பு என்றால் நிலம். நீர்ப் பிரச்சினை நிலப் பிரச்சினையாக மாறும் இடம் இதுதான்.

இதைத் தொண்டை மண்டலத்தில் பழங்காலத்திலேயே புரிந்துகொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் இன்று கணக்கில் உள்ள சுமார் 39,000 ஏரிகளில் பல இப்படிப்பட்ட வடமாவட்டச் சமவெளிகளில் இருக்கின்றன. ஏரி என்றால் கரையும் நீரும் மட்டுமல்ல. மேலே நீர்பிடிப்பாக விடப்பட்ட மேய்ச்சல் நிலமும் காடும், அங்கிருந்து வரும் வரத்துக்கால், கரை, மதகு, மதகுக்குக் கீழே ஆயக்கட்டு வயல், ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும் போக்குக்கால் என்று முழு ஊரின் நிலமும் அந்த ஏற்பாட்டில் அடங்கியிருந்தது. எந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்பது நீரின் போக்கை ஒட்டித் தீர்மானிக்கப்பட்டது. இதை நான் பொற்காலமாகச் சித்திரிக்க விரும்பவில்லை. அந்த நீரைப் பங்கிட்டதில் சாதியும் நிலவுடைமையும் ஆண்டன. மதகடியில் யாருக்கு நிலம், கடைமடையில் யாருக்கு நிலம் என்பதில் நியாயம் இருந்ததில்லை. அந்தச் சமூக ஒழுங்கு திரும்ப வேண்டியதில்லை. ஆனால் நிலமும் நீரும் ஒரே கணக்கில் இருந்தன என்ற பொறியியல் உண்மை நமக்கு வேண்டும்.

அந்தக் கணக்கு எங்கே உடைந்தது? வருவாய்ப் பதிவேட்டில் ஏரியின் நீர்ப்பரப்பு நீர்நிலைப் புறம்போக்காகப் பதிவானது. அதற்கு நீர் தரும் மேட்டுநிலமோ பட்டாவாகவும் தரிசாகவும் வேறு வேறு சர்வே எண்களில் பிரிந்தது. 2007இல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் ஏரியின் எல்லைக்குள் நடக்கும் ஆக்கிரமிப்பைத்தான் குறிவைக்கிறது. ஏரிக்கு வெளியே, நீர்பிடிப்பு முழுவதும் முறையான அனுமதியோடு மனைகளாகிவிட்டால் அந்தச் சட்டத்துக்கு அங்கே வேலையில்லை. கரையும் மதகும் பத்திரமாக இருக்கும். நீர்தான் வராது, வந்தால் கழிவுநீராக வரும். ஆக்கிரமிப்பாளர்கள் மீது மட்டும் பழியைப் போடுவது இதனால்தான் பாதி உண்மை. 1920களில் மாம்பலம் பெரிய ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகர் உருவானது அரசின் திட்டப்படி. பின்னாளில் நுங்கம்பாக்கம் பக்கத்து ஏரிநிலத்தில் வள்ளுவர் கோட்டம் எழுந்ததும் அரசின் கையால். வேளச்சேரி ஏரி சுருங்கியதிலும் அரசுக் குடியிருப்புத் திட்டத்துக்குப் பங்குண்டு. நீர்நிலைகளை அதிகம் விழுங்கியது விதிமீறல் என்பதைவிட விதியே என்று சொல்வதுதான் பொருந்தும்.

பள்ளிக்கரணை இதன் மிகப் பெரிய சான்று. மாடம்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் எனத் தென்சென்னையின் ஏரிச்சங்கிலி முழுவதும் கடைசியில் வந்து சேரும் கழுவெளி அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், பிறகு முட்டுக்காடு முகத்துவாரத்துக்கும் நீர் போகிறது. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேருக்கு விரிந்திருந்த சதுப்பில் குப்பைக் கிடங்கு வந்தது, பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்கள் வந்தன, கல்வி நிறுவனங்களும் அரசு நிறுவனங்களும் வந்தன, அவற்றைத் தொடர்ந்து குடியிருப்புகள் வந்தன. எஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022இல் ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு வரவேற்கத் தக்கது. ஆனால் இழந்தது எவ்வளவு? சுமார் 4,000 ஹெக்டேரில் சராசரியாக ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றிருக்கும் என்று எளிய கணக்காக வைத்துக்கொண்டால் அது 1.4 டி.எம்.சி. சோழவரம் ஏரியின் முழுக் கொள்ளளவைவிட அதிகம். சோழவரம் ஏரியை மூடி மனைபோட யாராவது பரிந்துரைத்தால் ஊரே கொதித்தெழும். அதைவிடப் பெரிய ஒரு தாங்குபரப்பு, சர்வே எண் சர்வே எண்ணாக, எந்த ஒரு நாளிலும் செய்தியாகாமல் மறைந்திருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிய நம் பொது நினைவும் ஓர் இடத்தில் தவறுகிறது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அதைச் சுற்றியே விவாதம் நடந்தது. நீர்த்தேக்கத்தை இயக்கியதில் இருந்த குறைகளைத் தணிக்கை அறிக்கையும் சுட்டிக்காட்டியது. அது நியாயமான விமரிசனம். ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் பாருங்கள். செம்பரம்பாக்கம் உபரி நீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேருகிறது; இந்த இரண்டு ஊர்களும் அந்தச் சந்திப்புக்கு மேலே, ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளிலிருந்து ஆறு இறங்கி வரும் பாதையில் இருக்கின்றன. செம்பரம்பாக்கத்தின் ஒரு சொட்டு நீரும் படாத இடம் அது. அங்கேயும் மாடி வரை நீர் ஏறியது. அதற்குப் பிறகு வந்த மழைகளிலும் அங்கே மக்கள் படகில் மீட்கப்பட்டார்கள். ஏரிகளுக்குக் கீழே வயலாக இருந்து, வெள்ளம் வந்தால் வாங்கி வைத்துக்கொண்ட நிலம் குடியிருப்பாக மாறியதே அங்கே நடந்த மாற்றம். மதகை இயக்கும் அதிகாரியைக் குற்றம் சொல்வது எளிது. நிலப்பயன்பாட்டை மாற்றிய கையெழுத்து யாருடையது என்று கேட்பது கடினம், ஏனென்றால் அவை நூற்றுக்கணக்கில் இருக்கும்.

நாலே ஆண்டுகளில் மறுபக்கம் வந்தது. 2018இன் வடகிழக்குப் பருவம் பொய்த்தது. 2019 ஜூனில் நான்கு ஏரிகளிலும் சேர்த்து ஒரு சதவீத நீர்கூட இல்லை. ஜூலை 12ஆம் தேதி முதல் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் சுமந்த ரயில்கள் வந்தன. வெள்ளத்தின்போது ஒரு வாரத்தில் கடலுக்குப் போன நீரை நினைத்தால் அந்த ரயில்களின் அளவு மனத்தை உறுத்தும். இந்த வறட்சிக்கு முன்னும் பின்னும் நகரம் செய்தது ஒன்றையேதான்: இன்னும் தூரத்திலிருந்தோ கடலிலிருந்தோ நீர் கொண்டுவருவது. 1983இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி கிருஷ்ணா நீர் 1996இல் பூண்டியை எட்டியது. ஆண்டுக்கு 12 டி.எம்.சி. என்ற அளவு முழுதாக வந்ததில்லை. 2004இல் வீராணத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் வந்தது. 2010இல் மீஞ்சூர் அருகே, 2013இல் நெம்மேலியில், 2024இல் நெம்மேலியிலேயே மீண்டும் கடல்நீர் ஆலைகள் தொடங்கின. மீஞ்சூர் என்ற பெயரே ஒரு பாடம். ஆரணியாறு, கொசஸ்தலையாறு வண்டல் நிலத்தில் இருந்த அருமையான நிலத்தடி நீரை நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் வயலுக்கும் அளவின்றி இறைத்ததில், 1969 வாக்கில் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருந்த உப்புநீர் 1980களில் ஒன்பது கிலோமீட்டர் வரை உள்ளே வந்துவிட்டது. நன்னீர் இருந்த மண்ணைக் கெடுத்துக்கொண்டு, அதே பகுதியில் கடல்நீரைச் சுத்திகரிக்க ஆலை கட்டியிருக்கிறோம்.

இங்கே சில எதிர்வாதங்களை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். முதல் வாதம், 2015இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது, அப்படிப்பட்ட மழைக்கு முன்னால் எந்த நிலத்திட்டமும் எடுபடாது என்பது. இதில் அறிவியல் உண்மை இருக்கிறது. நவம்பர் முழுவதும் நனைந்து ஊறிய மண், டிசம்பர் முதல் தேதி வந்த மழையை உறிஞ்சியிருக்காது. காடாக இருந்திருந்தாலும் பெரும்பகுதி ஓடியிருக்கும். வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு அமைத்தாகிவிட்டதே என்று சொல்வோருக்கும் இதுவே பதில். 2003இல் தமிழ்நாடு அதைக் கட்டாயமாக்கியது நல்ல முடிவு. சாதாரண மழையில் அது கிணற்றை உயர்த்தும், பெருமழையை அது தாங்காது. ஆனால் இந்த உண்மை என் வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது. மண் நிறைந்த பிறகு மிஞ்சுவது இரண்டே: நீர் நிற்க இடம், நீர் போக வழி. இரண்டும் நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டியவை. வெள்ளம் வந்த இரவில் எந்தப் பொறியாளராலும் அவற்றை உருவாக்க முடியாது. சென்னையின் மண்ணும் இதில் வழிகாட்டுகிறது. கடற்கரை மணலும் வடக்கின் ஆற்று வண்டலும் நீரை உள்வாங்குபவை. சதுப்பின் களிமண் நீரை மேலே தாங்குவது. தெற்கில் கிண்டி முதல் தாம்பரம் வரை கிடக்கும் பாறைத்தளம் இரண்டையும் அதிகம் செய்யாதது. எங்கே நீரை இறக்குவது, எங்கே நிறுத்துவது, எங்கே கட்டுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் முதல் விடை மண்ணிலேயே இருக்கிறது.

இரண்டாவது வாதம், கடல் பக்கத்தில் இருக்கும்போது கவலை எதற்கு, ஆலைகளைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்பது. வறண்ட ஆண்டில் அந்த ஆலைகள் நகரத்தைக் காப்பாற்றியிருக்கின்றன. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் லிட்டர் நன்னீருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் ஆகிறது. வெளியேறும் அடர் உப்புநீர் மீனவர்களின் கடலுக்குள் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குடிநீர் ஆலை வெள்ளத்துக்கு எந்தப் பதிலும் அல்ல. நீர் நிறுத்தும் நிலம் வெள்ளத்தையும் வறட்சியையும் ஒருசேர எதிர்கொள்கிறது. ஆலையோ ஒன்றை மட்டும், அதுவும் அதிக விலைக்கு.

மூன்றாவதே கனமான வாதம். நிலத்தைக் கட்டுப்படுத்தினால் மனை விலை ஏறும். ஏழைகளுக்கு வீடு எட்டாக்கனியாகும். இந்தக் கவலையை யாரும் லேசாக ஒதுக்கக் கூடாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 1980இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டப்படி, பீனிக்ஸ் போன்ற பகுதிகளில் புதிய மனைப்பிரிவு போடுபவர் நூறு ஆண்டுகளுக்கான நீர் இருப்பதைக் காட்ட வேண்டும். 2023 ஜூனில், பீனிக்ஸ் வட்டாரத்தில் நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புதிய மனைப்பிரிவுகளுக்கு இனி அந்தச் சான்று கிடையாது என்று மாநில அரசு அறிவித்தது. கட்டுமானத் துறை கடுமையாக எதிர்த்தது. அந்தச் சட்டத்திலும் ஓட்டைகள் உண்டு. ஒரு நிலத்தை ஐந்து மனைகளுக்கு மிகாமல் துண்டாக்கி விற்றால் சான்று தேவையில்லை என்ற வழியில் பல வீடுகள் எழுந்தன. ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்ற பகுதியில் அப்படி வீடு வாங்கியவர்களுக்கு 2023 ஜனவரியில், அதுவரை நீர் கொடுத்துவந்த பக்கத்து நகரம் அதை நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டில் அங்கீகாரமில்லா மனைப்பிரிவுகளின் பதிவுக்கு 2016இல் உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2017இல் வரன்முறை விதிகள் வந்ததும் நினைவிருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. நீர் இல்லாத மனை மலிவாகத் தெரிவது விற்கும் நாளில் மட்டும். அதன் மிச்ச விலையை வாங்கியவர் லாரித் தண்ணீருக்கும் வெள்ளத்தில் போன சாமான்களுக்கும் ஆயுள் முழுவதும் கட்டிக்கொண்டிருக்கிறார். ஏழைகளின் பெயரால் பேசுவோர் ஒன்றையும் பார்க்க வேண்டும். நகரத்துக் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காகச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் மறுகுடியிருப்புகள் கட்டப்பட்டன. இரண்டும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலங்கள். ஒவ்வொரு பெருமழைக்கும் அங்கே நீர் சூழ்கிறது. ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லிச் சதுப்பு வெள்ளத்தில் கொண்டு போய் விட்டிருக்கிறோம். நீரைக் கேட்காத நிலத்திட்டத்தில் மிகத் தாழ்ந்த இடம் மிக எளியவர்களுக்கே போய்ச் சேருகிறது. மேடான, பாறைப்பாங்கான, ரயில் வசதியுள்ள நிலத்தில் உயரமாகவும் நெருக்கமாகவும் கட்ட அனுமதித்து, அதில் ஒரு பங்கை அவர்களுக்கு ஒதுக்குவதே நியாயமான வழி.

விவசாயிகளின் கேள்வியும் இதே எடை கொண்டது. பக்கத்து நிலக்காரர் ஏக்கரைக் கோடிக்கு விற்கும்போது, என் நிலம் மட்டும் நகரத்தின் நீருக்காக வயலாகவே கிடக்க வேண்டுமா? நியூயார்க் நகரம் இதற்கு ஒரு பதிலைத் தேடியது. 90 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நீர் தரும் அதன் நீர்பிடிப்பு சுமார் 5,000 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி தொலைவில் கேட்ஸ்கில் மலைப்பகுதியில், வேறு ஊராட்சிகளின் ஆளுகையில், தனியாரின் பண்ணைகளாகவும் காடுகளாகவும் இருக்கிறது. 1990களில், வடிகட்டும் ஆலை கட்ட 600 முதல் 800 கோடி டாலர் ஆகும் என்ற நிலை வந்தபோது, நகரம் 1997இல் அந்த ஊர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. விற்க விரும்பியவர்களிடம் மட்டும் நிலம் வாங்கியது. சாணக்குழி கட்டவும் ஓடைக்கு வேலி போடவும் பண்ணைகளுக்குச் செலவைத் தானே ஏற்றது. சிற்றூர்களின் கழிவுநீர் நிலையங்களை மேம்படுத்தியது. ஆலையின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆனது. நிலம் நகரத்தின் கைக்குப் போவதால் ஊர் வளராது என்ற மனக்குறை அங்கே இன்னும் இருக்கிறது. ஆனால் பேச்சுவார்த்தை தொடர்கிறது, நீரும் வருகிறது. நம்மிடமும் இதற்கான முன்னுதாரணம் இருக்கிறது. வறட்சிக் காலங்களில் திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளின் கிணறுகளிலிருந்து சென்னைக் குடிநீர் வாரியம் நீரை விலைக்கு வாங்கியது. நீரை இறைத்துக் கொடுத்ததற்குப் பணம் கொடுத்த நகரம், நீரை நிலத்தில் இறக்கிக் கொடுப்பதற்கு ஏன் பணம் கொடுக்கக் கூடாது? வண்டல் நிலத்தில் வயலாகவே வைத்திருப்பவருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை என்பது சலுகை அல்ல. அவர் செய்யும் வேலைக்குக் கூலி.

எல்லாம் கட்டியாகிவிட்டதே, இனிப் பேசி என்ன பயன் என்பது கடைசி வாதம். இதற்கு நெதர்லாந்து ஒரு பதில். அங்கே 1995இல் ஆறுகள் பெருகி இரண்டரை லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். கரைகளை உயர்த்துவதையே நூற்றாண்டுகளாகச் செய்துவந்த நாடு, அதன் பிறகு ஆற்றுக்கு இடம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கி முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆறு விரிந்து ஓட வழி செய்தது. ஓவர்டீப்ஸ் என்ற தாழ்நிலத்தில் பண்ணையாளர்கள் தாங்களே முன்வந்து ஒரு யோசனை சொன்னார்கள்: வீடுகளையும் தொழுவங்களையும் உயர்ந்த மேடுகளில் கட்டிக்கொண்டு, வயலை வெள்ளத்துக்கு விட்டுவிடுவது. அதுவே நடந்தது. 2003 முதல் அங்கே எந்த நிலத்திட்டம் தீட்டினாலும் நீர்த்தேர்வு என்ற ஆய்வு கட்டாயம். நீர் நிர்வாகத்தின் கருத்தை வரைவு நிலையிலேயே கேட்டாக வேண்டும். ஆனால் அந்தக் கருத்து ஆலோசனை மட்டுமே என்பதால் தாழ்நிலங்களில் வீடு கட்டுவது முழுதாக நிற்கவில்லை. அதனால்தான் 2022இல் அந்நாட்டு அரசு, நீரும் மண்ணுமே நிலத்திட்டத்தை வழிநடத்த வேண்டும் என்று இன்னும் அழுத்தமாக அறிவித்தது. அவர்களுடைய வெற்றியோடு இந்தக் குறையையும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்: வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் இல்லாத நீர் ஆய்வு வெறும் காகிதம். நம் பக்கத்தில், சென்னைக்காகத் திட்டமிடப்பட்ட பரந்தூர் விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஆகஸ்டில் இடம் அறிவிக்கப்பட்டது. ஏரிகளும் வாய்க்கால்களும் அழியும் என்று ஊர்மக்கள் போராடிய பிறகே நீரியல் ஆய்வுக்கென உயர்நிலைக் குழு அமைக்கப்பட்டது. விமான நிலையம் வேண்டுமா என்பது வேறு விவாதம்; இடம் முதலில், நீர் பிறகு என்ற வரிசை தவறு.

செய்ய வேண்டியவற்றில் பல, இருக்கும் சட்டங்களுக்குள்ளேயே முடியும். மண்ணால் நிரப்பப்படும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஈடாக, அதே வடிநிலத்தில், அதே மட்டத்தில் ஒரு கன மீட்டர் தோண்டித் தர வேண்டும் என்ற ஒரு விதி போதும், கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன தடையின்மைச் சான்று முற்றிலும் வேறு ஆவணமாகிவிடும். பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீதம் திறந்தவெளியாக விடச் சட்டம் சொல்கிறது. அது விற்க முடியாத மூலையில் ஒதுக்கப்படாமல், வரத்துக்காலையும் தாழ்நிலத்தையும் ஒட்டி, பக்கத்து மனைப்பிரிவின் திறந்தவெளியோடு தொடர்ச்சியாக அமைய வேண்டும். செங்குன்றம் ஏரியின் நீர்பிடிப்பையும், தெற்கே கடற்கரை ஓரத்து மணற்பாங்கான நிலத்தடி நீர்ப் பகுதியையும் தனியாகக் குறித்து அங்கே கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தியது சென்னைப் பெருநகருக்கான 2008இன் இரண்டாவது முழுமைத் திட்டம். நீரை முன்வைத்து நிலத்துக்கு வண்ணம் தீட்ட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. குறை என்னவென்றால், அது விதியாகாமல் விலக்காகவே நின்றுவிட்டது. செம்பரம்பாக்கத்துக்கும் பூண்டிக்கும் ஆதனூருக்கும் அதே பாதுகாப்பு ஏன் இல்லை என்பதற்கு அறிவியல் காரணம் எதுவும் கிடையாது. எல்லை பற்றியும் சொல்ல வேண்டும். 2022இல் சென்னைப் பெருநகர எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஆந்திர எல்லைக்குள்ளும் நீர்பிடிப்பு கொண்டவை. எந்த நிர்வாக எல்லையும் வடிநில எல்லையோடு முழுதாகப் பொருந்தாது. என்றாலும் பழைய எல்லையில் வெளியே நின்ற ஏரிகளும் அவற்றின் நீர்பிடிப்புகளும் இப்போது முதல் முறையாக ஒரே திட்ட ஆவணத்துக்குள் வரப்போகின்றன.

அந்த ஆவணம், அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது முழுமைத் திட்டம். அதன் வரைவு வெளியாகும்போது கருத்தும் ஆட்சேபணையும் தெரிவிக்க மக்களுக்குச் சட்டப்படி அவகாசம் உண்டு. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, அரக்கோணம் பகுதிகளில் இருப்பவர்கள் அந்த வரைபடத்தில் உங்கள் வீட்டை மட்டும் தேடாதீர்கள். உங்கள் ஊர் ஏரியைத் தேடுங்கள். அதற்கு மேலே இருக்கும் நீர்பிடிப்புக்கு என்ன வண்ணம் தீட்டியிருக்கிறார்கள், கலங்கலிலிருந்து கீழே போகும் கால்வாய் எந்த சர்வே எண்களின் வழியே போகிறது என்று பாருங்கள். குடியிருப்பு என்றோ தொழிற்பகுதி என்றோ குறித்திருந்தால், அந்த நீர் எங்கே போகும் என்று கேட்டு எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள்.